சும்மா இருக்கும் கம்ப்யூட்டரை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஏம்ஸ் என்றொரு ஊர். அங்கே ஒரு தம்பதியின் கம்ப்யூட்டர். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இன்னொருவரின் கம்ப்யூட்டர். 2010இல் இந்த இரண்டு இயந்திரங்களும் ஒரே தரவைத் தனித்தனியே அலசி, ஒரே விடையைத் திருப்பி அனுப்பின. புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்த அரசிபோ ரேடியோ தொலைநோக்கி 2007இல் பதிவுசெய்து வைத்திருந்த தரவு அது. விடையில் இருந்தது, அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பல்சார். நொடிக்குச் சுமார் 41 முறை தன்னைத்தானே சுற்றும் நியூட்ரான் விண்மீன், அதாவது பெரிய விண்மீன் ஒன்று வெடித்த பிறகு மிஞ்சும் மிக அடர்த்தியான கரு. அந்த ஆண்டு ஆகஸ்டில் 'சயன்ஸ்' ஆய்விதழில் செய்தி வெளியானபோது, அந்தத் தம்பதியும் மைன்ஸ்காரரும் கண்டுபிடிப்பாளர்களாகக் குறிப்பிடப்பட்டார்கள். மூவரில் ஒருவர்கூட வானியலாளர் இல்லை.

அந்தத் திட்டத்தின் பெயர் ஐன்ஸ்டீன் அட் ஹோம். 2005 பிப்ரவரியில் தொடங்கியது; இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை அதில் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இதைப் பார்த்துப் பழகிவிட்டால் மற்றத் திட்டங்களுக்கும் ஏறக்குறைய இதே வழிதான்.

தொடங்கும் முன் ஒன்று. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் "என்னிடம் பெரிய மெஷின் இல்லையே" என்று தயங்குகிறார்கள். பல வருடமாக இதைச் செய்துவரும் எனக்குத் தெரிந்தவரை, வேகம் அவ்வளவு முக்கியமில்லை. கொஞ்சமாக வேலை வாங்கி, வாங்கியதைக் கெடுவுக்குள் முடித்துத் திருப்பிக் கொடுக்கும் கம்ப்யூட்டர்தான் நல்ல கம்ப்யூட்டர். ஏன் என்று புரிந்துகொண்டால், பின்னால் வரும் செட்டிங்குகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

தொலைநோக்கியோ ஈர்ப்பு அலைக் கருவியோ (விண்வெளியே லேசாக நீண்டு சுருங்கும் அதிர்வைப் பிடிக்கும் கருவி) மாதக்கணக்கில் பதிவுசெய்த தரவை ஆராய்ச்சிக் குழு சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு 'டாஸ்க்'. உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள் சர்வரிடம் ஒரு டாஸ்க்கைக் கேட்டு வாங்கும். நீங்கள் வேறு வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ப்ராசஸரில் மீதமிருக்கும் நேரத்தில் அதைக் கணக்கிடும். முடிந்ததும் விடையை அனுப்பிவிட்டு அடுத்ததைக் கேட்கும். உங்கள் கோப்புகளையோ படங்களையோ அது தொடுவதில்லை. அதற்கென்று ஒரு தனி ஃபோல்டர் இருக்கிறது, அதற்குள்ளேயே புழங்கும்.

யாரோ ஒருவர் வீட்டிலிருந்து வரும் விடையை எப்படி நம்புவது? அதற்காகத்தான் பொதுவாக ஒரே டாஸ்க்கை இரண்டு பேருக்கு அனுப்புகிறார்கள். இரண்டு விடையும் ஒத்துப்போனால் ஏற்றுக்கொள்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஒருவருக்குப் போகும். ஏம்ஸும் மைன்ஸும் அப்படி அமைந்த ஜோடிதான். உங்களுக்கும் ஒவ்வொரு டாஸ்க்கிலும் முகம் தெரியாத ஒரு ஜோடி உண்டு. அவர் முடித்துக் கொடுத்திருப்பார். நீங்கள் கொடுக்காதவரை அவருடைய விடை சர்வரில் அப்படியே காத்துக் கிடக்கும்.

இதை நான் தெரிந்துகொண்டது கொஞ்சம் சங்கடமான விதத்தில். ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் பத்து நாளுக்கான வேலையை முன்கூட்டியே இறக்கி வைக்கும்படி செட்டிங்கை மாற்றினேன். ஏறக்குறைய நாற்பது டாஸ்க் வந்து குவிந்தது. அப்புறம் பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும்போது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால், பாதிக்கு மேல் கெடு தாண்டியிருந்தது. நாற்பது டாஸ்க் என்றால் நாற்பது பேர் எனக்காகக் காத்திருந்தார்கள் என்று கணக்குப் போட்டபோது மனசு கேட்கவில்லை. அன்றைக்கே அந்த எண்ணைக் குறைத்தேன், இன்றுவரை கூட்டவில்லை.

முதலில் கரண்ட் பில்

இது இலவசச் சேவை இல்லை. கரண்ட் உங்களுடையது. அதனால் கணக்கை முதலிலேயே போட்டுவிடுவோம்.

ஒரு டெஸ்க்டாப் சும்மா ஓடும்போது எடுப்பதைவிட, ப்ராசஸர் முழு வேகத்தில் வேலை செய்யும்போது கூடுதலாக 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 10 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். 60 நாளுக்கு 36 யூனிட். கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தால் கணக்கே வேறு. அது கூடுதலாக 150 வாட் எடுத்தால், அதே 10 மணி நேரத்துக்கு 60 நாளில் 90 யூனிட் ஆகிவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படியின் விகிதமும் மாறிவிடும் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே 480 வருகிறது என்றால், இந்த 36 யூனிட் அதன் சொந்த விலையைவிட அதிகமாகவே பில்லை ஏற்றிவிடும். கடைசி நான்கு பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். ஏசி ஓடும் கோடையில் நிறுத்திவிட்டு, ஐப்பசியில் மறுபடி தொடங்கினாலும் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

என் யோசனை இதுதான்: இதற்காகவென்று கம்ப்யூட்டரைக் கூடுதலாக ஒரு மணி நேரம்கூட ஆன் செய்து வைக்க வேண்டாம். வேலைக்கோ படிப்புக்கோ எப்படியும் அது ஓடப்போகிற நேரத்தில் இதுவும் ஓடட்டும். அப்போது செலவு அந்தக் கூடுதல் வாட் மட்டும்தான். இதற்காகவே ராத்திரி முழுக்க ஓடவிட்டால், மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை என மொத்தமும் எடுக்கும் கரண்ட் உங்கள் கணக்கில்தான் வரும். வீட்டில் வேறு யாராவது பில் கட்டுகிறார் என்றால், முதலில் அவரிடம் கேளுங்கள்.

இரண்டாவது சூடு

நம் ஊரில் இந்த விஷயத்தைக் குளிர்நாட்டுக்காரர்கள் சொல்வதைப்போல எளிதாகக் கடக்க முடியாது. சித்திரை வெயிலில் அறையே 36 டிகிரி இருக்கும்போது, கம்ப்யூட்டர் உறிஞ்சும் காற்றும் அதே 36 டிகிரிதான்.

டெஸ்க்டாப் என்றால் தொடங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைக் கழற்றி, பால்கனிக்குக் கொண்டுபோய்விடுங்கள். ப்ராசஸர் மேலிருக்கும் ஃபேனுக்கும் அதன் கீழே இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் இடையே எட்டிப் பாருங்கள். இரண்டு வருடம் திறக்காத கம்ப்யூட்டர் என்றால், சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் அடைத்துக்கொண்டிருக்கும். ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, புதிதாக வாங்கிய ஒரு அங்குலப் பெயிண்ட் பிரஷால் மெதுவாகத் தட்டுங்கள். அந்தப் படலம் துண்டாகவே கழன்று வரும். பவர் சப்ளையை மட்டும் திறக்க வேண்டாம், வெளியிலிருந்து ஊதினால் போதும். இந்த ஒரு வேலைக்கே என் மெஷினில் 11 டிகிரி குறைந்தது.

லேப்டாப் என்றால் மெத்தை மேலும் மடி மேலும் வைத்து ஓட்டவே கூடாது. அடியில் இருக்கும் காற்றுவழி அடைபடும். கடினமான மேசையில், பின்பக்கம் சற்றே தூக்கி வையுங்கள். பேட்டரி உப்பிய லேப்டாப்பை இந்த வேலைக்குப் பயன்படுத்தவே வேண்டாம். அதை முதலில் சர்வீசுக்குக் கொடுங்கள்.

வெப்பநிலையைப் பார்க்க கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் ஒன்று வேண்டும். முழு வேலையில் 80 டிகிரிக்குள் இருந்தால் நிம்மதி. 90ஐத் தொடுகிறது என்றால் கீழே சொல்லும் கோர் செட்டிங்கைக் குறைத்தே ஆகவேண்டும்.

பாயிங்க் நிறுவுதல்

இந்தத் திட்டங்களில் பெரும்பாலானவை பாயிங்க் என்ற ஒரே மென்பொருளின் வழியாக ஓடுகின்றன. ஆங்கிலத்தில் தேடும்போது பி, ஓ, ஐ, என், சி என்ற ஐந்து எழுத்துகளை அடியுங்கள். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஆண்டர்சன் தலைமையில் உருவானது. வேற்றுக்கோள் உயிர்களின் ரேடியோ சமிக்ஞையைத் தேடிய செட்டி அட் ஹோம் பலருக்கு நினைவிருக்கலாம். 1999 மே மாதம் தொடங்கி, 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கெடுத்த திட்டம். அதை நடத்திய அனுபவத்திலிருந்துதான் பாயிங்க் பிறந்தது. செட்டி 2020 மார்ச் 31 முதல் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. அதைத் தேடி வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

பதிவிறக்கம் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும். வேறு எந்த 'இலவச மென்பொருள்' தளத்திலிருந்தும் வேண்டாம். உங்கள் ப்ராசஸரை முழு வேகத்தில் ஓட்டும் அனுமதியை ஒரு மென்பொருளுக்குக் கொடுக்கிறீர்கள். அது அசலாக இருக்க வேண்டும். திருட்டுத்தனமாக கிரிப்டோ நாணயம் தோண்டும் வைரஸ்களும் இதே வேலையைத்தான் செய்யும், லாபம் வேறு யாருக்கோ போகும்.

விண்டோஸில் நிறுவும்போது விர்ச்சுவல்பாக்ஸ் சேர்ந்த தொகுப்பைக் காட்டினால், அது வேண்டாம், ஐன்ஸ்டீனுக்குத் தேவைப்படாது. 'சர்வீஸாக நிறுவு' என்று ஒரு தேர்வு வரும், அதையும் டிக் செய்ய வேண்டாம். செய்தால் கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த முடியாது. ஸ்கிரீன்சேவரையும் விட்டுவிடுங்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் கணக்குக்குப் போக வேண்டிய சக்தியைப் படம் வரைய எடுத்துக்கொள்ளும். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே பாயிங்க் இருக்கிறது.

நிறுவி முடித்ததும் திட்டங்களின் பட்டியல் ஒன்று வரும். வராவிட்டால் 'ஆட் ப்ராஜெக்ட்' என்பதை அழுத்துங்கள். பட்டியலில் ஐன்ஸ்டீன் அட் ஹோமைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கொடுத்துப் புதிய கணக்கு தொடங்குங்கள். பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படுத்தாத புதியதாக இருக்கட்டும். நீங்கள் வைக்கும் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். அதனால் முழுப்பெயர், போன் நம்பர் எதையும் அதில் போடாதீர்கள்.

சில நிமிடங்களில் முதல் டாஸ்க் இறங்கத் தொடங்கும். அதற்குள் அடுத்த பகுதியை முடித்துவிடுவது நல்லது.

செட்டிங்: இங்கே நேரம் செலவழியுங்கள்

நிறுவிய கையோடு செட்டிங்கைத் தொடாமல் விட்டவர்கள்தான் ஒரு வாரத்தில் "கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிறது" என்று அழித்துவிடுகிறார்கள். மேலே மெனுவில் 'ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் 'கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ்' இருக்கும். திறந்துகொள்ளுங்கள்.

முதலில் கோர், அதாவது ப்ராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பிரிவுகள். எத்தனை சதவீத ப்ராசஸர் கோர்களைப் பயன்படுத்தலாம் என்று ஒரு கட்டம் இருக்கும். புதிய பதிப்புகளில், நீங்கள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும்போது எவ்வளவு, எழுந்து போன பிறகு எவ்வளவு என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். டெஸ்க்டாப்புக்கு 50, 75 என்று தொடங்குங்கள். லேப்டாப்புக்கு 25, 50 போதும்.

அதற்குப் பக்கத்திலேயே ப்ராசஸர் நேரத்துக்கும் ஒரு சதவீதம் கேட்கும். நிறையப் பேர் சூட்டைக் குறைக்க இதைத்தான் 50 ஆக்குகிறார்கள். வேண்டாம், இதை 100இலேயே விடுங்கள். இதைக் குறைத்தால் ப்ராசஸர் மெதுவாக ஓடாது. சற்று நேரம் முழு மூச்சில் ஓடி, சற்று நேரம் நின்று, மறுபடி ஓடும். ஃபேனும் அதோடு சேர்ந்து ஏறி ஏறி இறங்கும். அந்த இரைச்சல் ஏற்றமும் இறக்கமும் ஒரே சீரான இரைச்சலைவிடத் தொல்லை. சூட்டைக் குறைக்க வேண்டுமென்றால் கோர் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அடுத்து, எவ்வளவு வேலையைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளலாம் என்ற கட்டம். என் பொங்கல் கதை இங்கேதான் நடந்தது. குறைந்தபட்சம் 0.1 நாள், கூடுதலாக 0.5 நாள் என்று கொடுங்கள். பிராட்பேண்ட் அடிக்கடி போய்விடும் ஊர் என்றால் ஒரு நாள்வரை போகலாம். அதற்கு மேல் சேர்த்து வைப்பதால் ஆராய்ச்சிக்கு எந்த லாபமும் இல்லை. நீங்கள் எடுக்காத வேலையை இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

லேப்டாப்பாக இருந்தால் 'பேட்டரியில் ஓடும்போது நிறுத்து' என்பது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு மென்பொருள் ப்ராசஸரை அதிகமாகப் பயன்படுத்தினால் நிறுத்தும் வசதியும் இருக்கிறது. வீடியோ எடிட்டிங், கேம் என்று இருப்பவர்களுக்கு உதவும். நிறுத்தும் நேரத்தில் டாஸ்க்குகளை மெமரியிலேயே வைத்திருக்கச் சொல்லும் ஒரு டிக் இருக்கும். ரேம் 8 ஜிபி அல்லது அதற்கு மேல் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மவுஸை அசைக்கும்போதெல்லாம் அது கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பின்வாங்கிப் போய், அங்கிருந்து மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. டாஸ்க்குகள் அவ்வப்போது தாங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொள்ளும். கரண்ட் வந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் அந்தக் குறிப்பிலிருந்து தொடரும். யூபிஎஸ் இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: முழு வேலையில் ஓடும் கம்ப்யூட்டரை அது வழக்கமான நேரம் தாங்காது. 20 நிமிடம் வரும் என்று நம்பியிருந்தது 8 நிமிடத்தில் அணைந்துவிடலாம்.

நெட்டைப் பொறுத்தவரை, சில டாஸ்க்குகளுக்குத் தரவுக் கோப்புகள் சில நூறு எம்பி வரை வரும். வீட்டு ஃபைபர் இணைப்புக்கு இது பொருட்டே இல்லை. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர்கள் 'நெட்வொர்க்' பக்கத்தில் இத்தனை நாளுக்கு இத்தனை எம்பி என்று வரம்பு வைத்துவிடுங்கள். அதே மாதிரி 'டிஸ்க்' பக்கத்தில் 10 ஜிபி என்று ஒரு எல்லை.

'டெய்லி ஷெட்யூல்ஸ்' பக்கத்தில் எந்த நேரத்திலிருந்து எந்த நேரம்வரை ஓடலாம் என்று சொல்லிவிடலாம். பகல் வெயிலில் ஓடாமல் மாலை 6 முதல் 11 வரை மட்டும் என்று வைத்திருக்கிறேன். கோடையில் எனக்கு மிக உதவிய செட்டிங் இதுதான்.

கிராபிக்ஸ் கார்டு

இருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் குறையே இல்லை. ஐன்ஸ்டீன் போன்ற திட்டங்களில் ப்ராசஸர் பல மணி நேரம் எடுக்கும் வகை வேலையை நல்ல கார்டு நிமிடங்களில் முடித்துவிடும். புதியவர்களுக்கு வழக்கமாக வரும் சிக்கல் டிரைவர். விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் டிரைவரில் கணக்கீட்டுக்குத் தேவையான ஓப்பன்சிஎல் பகுதி சில சமயம் இருக்காது. பாயிங்க் "கார்டு கிடைக்கவில்லை" என்று சொன்னால், கார்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு டிரைவரை இறக்கி நிறுவுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

முதல் மாதம் ப்ராசஸரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கரண்ட் பில்லும் சூடும் பிடிபட்ட பிறகு கார்டைச் சேர்ப்பதுதான் முறை.

முதல் வாரம்

'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்டு வியூ' போங்கள். 'டாஸ்க்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு டாஸ்க்கும் எத்தனை சதவீதம் முடிந்தது, எவ்வளவு நேரம் மீதம், கெடு எப்போது என்று வரிசையாக இருக்கும். மீத நேரத்தை முதல் சில நாள் நம்ப வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரின் வேகத்தை அது இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. 4 மணி நேரம் என்று சொன்னது 9 மணி நேரம் ஆகலாம். பத்துப் பதினைந்து டாஸ்க் முடிந்ததும் சரியாகிவிடும்.

'டூல்ஸ்' மெனுவில் 'ஈவென்ட் லாக்' என்று ஒன்று இருக்கிறது. என்ன நடக்கிறது என்பதை நிமிட வாரியாக எழுதி வைக்கும் நாட்குறிப்பு அது. வேலை கேட்டேன், கிடைத்தது, தொடங்கினேன், முடித்தேன், அனுப்பினேன் என்று வரிவரியாகப் போகும். சிவப்பு எழுத்தில் வருவதை மட்டும் கவனித்தால் போதும். 'இப்போது வேலை இல்லை' என்று வந்தால் பதற வேண்டாம். சர்வரில் பராமரிப்பு நடக்கும், அல்லது அந்த வகை டாஸ்க் தீர்ந்திருக்கும். பாயிங்க் தானாகவே திரும்பத் திரும்பக் கேட்கும். 'கம்ப்யூட்டேஷன் எரர்' என்று ஒன்றிரண்டு வந்தாலும் பரவாயில்லை. தொடர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் சூடு, ஓவர்கிளாக் செய்த (நிர்ணயித்த அளவுக்கு மேல் வேகத்தைக் கூட்டிய) ப்ராசஸர், அல்லது பழைய டிரைவர். அதைச் சரிசெய்யும்வரை நிறுத்தி வையுங்கள். தவறான விடையை அனுப்பிக்கொண்டே இருந்தால் ஜோடிக்கும் சர்வருக்கும் இரட்டை வேலை.

முடித்துக் கொடுக்கும் வேலைக்குப் புள்ளிகள் தருவார்கள். இரண்டு நாளாக ஓடியும் உங்கள் கணக்கில் அவை பூஜ்ஜியமாகவே இருக்கலாம். இங்கேதான் நிறையப் பேர் மனம் தளர்ந்துபோகிறார்கள். காரணம் அந்த ஜோடிதான். அவரும் முடித்து, இரண்டு விடையும் ஒத்துப்போன பிறகுதான் புள்ளி ஏறும். ஐன்ஸ்டீன் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் டாஸ்க் பட்டியலைப் பாருங்கள். 'பெண்டிங்' என்று இருப்பவை அவருக்காகக் காத்திருப்பவை. முதல் முறையாக ஒன்று 'வேலிட்' என்று மாறிய இரவில், அந்த டாஸ்க்கைத் திறந்து என் ஜோடி யார் என்று பார்த்தேன். பெயர் மறைத்திருந்தார். அவருடைய கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுகிறது என்பது மட்டும் தெரிந்தது. என்னைப் போலவே எங்கோ ஒரு அறையில் ஒரு ஃபேன் இரைந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தபோது ஒரு சந்தோஷம் வந்தது, இன்றும் அது குறையவில்லை.

புள்ளிகளுக்குப் பண மதிப்பு கிடையாது. குழுக்கள் உண்டு, சேர்ந்துகொள்ளலாம்.

எதைத் தேடுகிறோம்

ஐன்ஸ்டீன் அட் ஹோமை அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகமும் ஜெர்மனியில் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் நடத்துகின்றன. மூன்று வகைத் தரவு வரும்: ரேடியோ தொலைநோக்கி, ஃபெர்மி விண்கலத்தின் காமா கதிர்ப் பதிவு, லைகோ கருவிகளின் ஈர்ப்பு அலைப் பதிவு. முதல் இரண்டிலுமாக எண்பதுக்கும் மேற்பட்ட நியூட்ரான் விண்மீன்களைத் தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்கள் கண்டுபிடித்திருக்கின்றன.

மூன்றாவதுதான் திட்டத்தின் மூல நோக்கம். 2015 செப்டம்பரில் முதன்முதலாகப் பிடிபட்ட ஈர்ப்பு அலை இரண்டு கருந்துளைகள் மோதியபோது எழுந்த ஒரு நொடிக்கும் குறைவான அதிர்வு. இங்கே தேடுவது அப்படியில்லை. ஒரே ஒரு நியூட்ரான் விண்மீன் லேசாகக் கோணலாக இருந்து, சுற்றச் சுற்ற ஓயாமல் அனுப்பும் மெல்லிய அலை. தம்பூராவின் சுருதியைச் சந்தை இரைச்சலுக்கு நடுவே பிரித்தெடுப்பது மாதிரி. மாதக்கணக்கான தரவை அடுக்கி, வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதனால்தான் எத்தனை கம்ப்யூட்டர் கொடுத்தாலும் போதவில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா அமைக்க 2023இல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்திருக்கிறது. அது ஓடத் தொடங்கினால், அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை உலகம் இன்னும் துல்லியமாகச் சொல்ல முடியும்.

வேறு சில திட்டங்கள்

மருத்துவம்தான் உங்கள் விருப்பம் என்றால் ஃபோல்டிங் அட் ஹோம். இது பாயிங்க் வழியாக இல்லை, தனி மென்பொருள். 2000 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்பதை அணு அணுவாகக் கணக்கிடுகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நேர அசைவைப் பார்க்க, சுமார் 50 கோடி அடிகள் கணக்கிட வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா வைரஸின் புரதங்களை ஆராய உலகம் முழுவதிலுமிருந்து மக்கள் சேர்ந்தபோது, அதன் மொத்தத் திறன் ஒரு எக்ஸாஃபிளாப்பைத் தாண்டியது, அதாவது நொடிக்கு ஒன்றுக்குப் பின் 18 பூஜ்ஜியம் போட்ட அளவு கணக்குகள். அன்று எந்த சூப்பர் கம்ப்யூட்டரும் அந்த அளவைத் தொட்டிருக்கவில்லை.

இதில் கெடு இன்னும் முக்கியம். ஒரு டாஸ்க்கின் முடிவிலிருந்துதான் அடுத்த டாஸ்க் உருவாகும். நீங்கள் தாமதித்தால் அந்தச் சங்கிலி அங்கேயே நின்றுவிடும். அதனால் கம்ப்யூட்டரை அணைக்கப் போகிறீர்கள் என்றால் 'பாஸ்' பொத்தானைவிட 'ஃபினிஷ்' பொத்தானை முன்கூட்டியே அழுத்துவது நல்லது. கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிட்டுத் தானாக நின்றுகொள்ளும்.

சின்ன மெஷின் வைத்திருப்பவர்களுக்கு, பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஆஸ்டராய்ட்ஸ் அட் ஹோமைச் சொல்வேன். சிறுகோளிலிருந்து வரும் வெளிச்சம் கூடிக் குறைவதை வைத்து அதன் வடிவத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கிளைமேட் ப்ரெடிக்ஷன் அருமையான திட்டம். ஆனால் ஒரு டாஸ்க்கே பல நாள் ஓடும், தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். கணிதத்தில் ஆர்வமிருந்தால், மெர்சென் பகா எண்களை (இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்கள்) தேடும் ஜிம்ப்ஸ். 1996 முதல் நடக்கிறது. 2024 அக்டோபரில் அவர்கள் அறிவித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள்.

போனிலும் பாயிங்க் ஓடும், ஆண்ட்ராய்டில் மட்டும். சார்ஜில் இருந்து, பேட்டரி 90 சதவீதத்தைத் தாண்டி, வைஃபையிலும் இருந்தால்தான் வேலை செய்யும்படி அதுவே பார்த்துக்கொள்ளும். இருந்தாலும் தினமும் பயன்படுத்தும் போனில் நான் போடமாட்டேன்.

உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டரில் வேண்டாம்

அலுவலகம், கல்லூரி லேப், நண்பர் பார்த்துக்கொள்ளச் சொன்ன லேப்டாப் எதிலும் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நிறுவாதீர்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் கரண்டும் இயந்திரமும் இன்னொருவருடையது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர்களில் இப்படிப்பட்ட ஒரு மென்பொருளை அனுமதியின்றி நிறுவிய ஊழியர், குற்ற வழக்கையே சந்திக்க நேர்ந்தது.

நிறுத்த வேண்டுமென்றால்

ஊருக்குப் போகிறீர்கள், பரீட்சை வருகிறது, கம்ப்யூட்டரை விற்கப் போகிறீர்கள், அல்லது போதும் என்று தோன்றுகிறது. எதுவானாலும் வழி ஒன்றுதான். நேரடியாக மென்பொருளை அழித்துவிடாதீர்கள். 'ப்ராஜெக்ட்ஸ்' பக்கத்தில் ஐன்ஸ்டீனைத் தேர்ந்தெடுத்து 'நோ நியூ டாஸ்க்ஸ்' என்பதை அழுத்துங்கள். இனி புதிய வேலை வராது, கையில் இருப்பது மட்டும் ஓடும். கையிருப்பு அரை நாளுக்குத்தான் என்று வைத்திருந்தால், ஒரு நாள், இரண்டு நாளில் முடிந்துவிடும். அதற்குக்கூட நேரம் இல்லையா? டாஸ்க்குகளைத் தேர்ந்தெடுத்து 'அபார்ட்' கொடுத்து, பிறகு 'அப்டேட்' அழுத்துங்கள். சர்வருக்கு உடனே தகவல் போய், அதே வேலை வேறொருவருக்கு அன்றைக்கே அனுப்பப்படும். 'டாஸ்க்ஸ்' பக்கம் காலியாகி, ஈவென்ட் லாகில் கடைசி விடையை அனுப்பிய வரி வந்ததும் 'ரிமூவ்' அழுத்தலாம். கணக்கும் புள்ளிகளும் தளத்தில் அப்படியே இருக்கும். அடுத்த ஐப்பசியில் அதே மின்னஞ்சலோடு திரும்பி வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கிக்கொள்ளலாம்.